நாணயத்துக்கு மார்க் போட இவர்கள் யார்?



நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கையில் புரளும் காசு. மற்றொன்று, சொன்ன சொல்லைக் காப்பாற்றும் குணம். நம் வியாபாரிகள் பரம்பரை பரம்பரையாக இரண்டாவதை வைத்துத்தான் முதலாவதைச் சம்பாதித்தார்கள். பெரியமேட்டுத் தோல் மண்டியில் லட்சக்கணக்கில் சரக்கு கடனுக்குக் கைமாறியது எதை வைத்து? பத்திரத்தை வைத்தா? "அவர் நாணயமான ஆள், நம்பிப் போடலாம்" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்ன ஒற்றை வார்த்தையை வைத்து! ஒரு சிட்டையில் தொகையை எழுதி, 45 நாளில் பணம் என்று பேசிக் கொள்வார்கள். பணம் வந்து சேரும். வராவிட்டால் அடுத்த முறை சரக்கு கிடைக்காது.

இன்றைக்கு அந்த வார்த்தையின் இடத்தில் மூன்று இலக்க எண் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. 300-இல் தொடங்கி 900-இல் முடிகிறது. சிபில் ஸ்கோர் என்கிறார்கள். நீங்கள் யார், உங்கள் வாப்பா யார், 30 வருடமாக எத்தனை பேருக்கு நாள் தவறாமல் பணம் கொடுத்தீர்கள் என்பதெல்லாம் வேண்டாம். பான் கார்டு எண்ணைச் சொல்லுங்கள், கம்ப்யூட்டர் சொல்லிவிடும் உங்கள் யோக்கியதையை!

750-க்கு மேல் இருந்தால் நாற்காலி போடுகிறார்கள். 600 என்றால் "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்கிறார்கள். ஒன்றுமே இல்லை என்றால்? அதுதான் வேடிக்கை. அதற்குப் பிறகு வருவோம்.

மார்க் போடும் வாத்தியார் யார்?

நம்மில் பலர் சிபில் என்றால் ரிசர்வ் வங்கியின் ஓர் இலாகா என்றே நினைத்துக் கொண்டிருக்கிறோம். இல்லை சகோதரர்களே! அது ஒரு கம்பெனி. 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இன்று அதன் பெரும்பங்கு அமெரிக்காவின் டிரான்ஸ்யூனியன் கையில் இருக்கிறது. பெயரே டிரான்ஸ்யூனியன் சிபில். இது தவிர ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று. நான்கும் 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று நடப்பவை.

இவர்களுக்குத் தகவல் எங்கிருந்து வருகிறது? கடன் கொடுத்தவனிடமிருந்து. அவனிடமிருந்து மட்டும். ஒவ்வொரு வங்கியும், வங்கி அல்லாத நிதி நிறுவனமும் தன்னிடம் கடன் வாங்கியவர்களின் விவரத்தை இவர்களுக்கு அனுப்ப வேண்டும். மாதம் ஒருமுறை அனுப்பியது போய், 2025 ஜனவரி 1 முதல் 15 நாளுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்று விதி மாறியது. யார், எவ்வளவு வாங்கினார், எத்தனை நாள் தாமதம், பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். கடந்த 36 மாதத்தில் எந்த மாதம் எத்தனை நாள் பிந்தினீர்கள் என்பது கட்டம் கட்டமாக உங்கள் அறிக்கையில் நிற்கும்.

அதிலிருந்து மார்க் எப்படி விழுகிறது? தவணை தவறியது பெரிய அடி. கிரெடிட் கார்டு வைத்திருப்பவர் தனக்கு அனுமதித்த தொகையில் பெரும்பகுதியைப் பயன்படுத்தினால் அதுவும் அடி. 50 ஆயிரம் வரம்பில் 45 ஆயிரத்துக்குச் சரக்கு வாங்கி, கெடு தேதிக்குள் முழுப் பணத்தையும் கட்டிவிட்டாலும், "இந்த ஆள் கடனை நம்பி வாழ்கிறான்" என்று கணக்குக்குப் படும். எத்தனை ஆண்டாகக் கடன் வரலாறு இருக்கிறது, அடமானக் கடன் எவ்வளவு, அடமானமில்லாத கடன் எவ்வளவு, சமீபத்தில் எத்தனை இடத்தில் கடனுக்கு விண்ணப்பித்தீர்கள் என்பதும் சேரும். நாலு நிதி நிறுவனத்தில் ஒரே வாரத்தில் மனுப் போட்டால், நாலு பேர் உங்கள் ஏட்டைத் திறந்து பார்த்ததே குற்றமாகி மார்க் குறையும்!

எதற்கு எத்தனை மார்க் என்ற சூத்திரம்? அது கம்பெனி ரகசியம். அமெரிக்காவில் 1989-இல் இந்த வகை மார்க்கை எல்லோருக்கும் பொதுவாகக் கொண்டுவந்த ஃபைகோ கம்பெனியாவது, தவணை ஒழுங்குக்கு 35 சதவீதம், கடன் அளவுக்கு 30, வரலாற்றின் நீளத்துக்கு 15, புதுக்கடனுக்கு 10, கடன் வகைக்கு 10 என்று தோராயமாகச் சொல்லி வைத்திருக்கிறது. முழுச் சூத்திரத்தை அவர்களும் சொல்வதில்லை. நம் நாட்டில் வங்கிகளுக்கு 2007-இலேயே ஸ்கோர் காட்டப்பட்டது. அந்த ஸ்கோருக்குச் சொந்தக்காரன், அதாவது நீங்களும் நானும், பார்க்க முடிந்தது 2011-இல்! நாலு வருடம் பரீட்சை எழுதியவனுக்கே மார்க் தெரியாது. உலகத்தில் எந்தப் பள்ளிக்கூடத்திலாவது இப்படி நடக்குமா?

கடன்படாதவன் குற்றவாளியா?

இப்போது அந்த வேடிக்கைக்கு வருவோம்.

ஒரு சகோதரர் கடைவீதியில் 22 வருடமாகப் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். வட்டி கூடாது என்பதால் எந்த வங்கியிலும் கடன் வாங்கியதில்லை. கொள்முதல் செய்த இடத்தில் ஒரு ரூபாய் பாக்கி கிடையாது. கடை வாடகை, கரண்ட் பில், வேலையாட்கள் சம்பளம், பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் தேதி தவறாமல் போகும். அவருடைய அறிக்கையை எடுத்துப் பார்த்தால் என்ன வரும் தெரியுமா? -1. சில இடத்தில் "என்.எச்." என்று போடுவார்கள். வரலாறு இல்லை என்று அர்த்தம். 22 வருட வரலாறு உள்ள மனிதருக்கு வரலாறு இல்லையாம்!

அவர் கொடுத்த வாடகை கணக்கில் வராது. சரக்குக்காரருக்குக் கொடுத்த பணம் வராது. சேமிப்பு வராது. ஜமாஅத் பைத்துல்மாலில் கர்ழன் ஹஸனாவாக வாங்கிச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுத்த 20 ஆயிரம் வராது. வட்டிக்கு வாங்கி வட்டியோடு கட்டியது மட்டும்தான் வரும். அந்த ஏட்டில் நல்லவன் என்று பெயர் எடுக்க வேண்டுமானால், முதலில் கடன்காரன் ஆக வேண்டும்.

இதற்கு அவர்கள் தரும் ஆலோசனையைக் கேளுங்கள்: "ஒரு கிரெடிட் கார்டு வாங்கி வையுங்கள், கொஞ்சம் கொஞ்சம் செலவழித்துக் கட்டுங்கள், ஸ்கோர் ஏறும்." தேவையில்லாதவனை இழுத்து வந்து கடன்காரனாக்கி, பிறகு அவனுக்கு நற்சான்று! இது நாணயத்தை அளக்கும் கருவியா, வட்டிக் கடைக்கு ஆள் பிடிக்கும் தரகா?

நம் மார்க்கம் கடனை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. குர்ஆனிலேயே நீளமான வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். அல்பகராவின் 282-ஆவது வசனம். ஆனால் அந்த வசனம் இடும் ஏற்பாட்டைக் கவனியுங்கள். எழுத்தர் நடுநிலையாக எழுத வேண்டும். சாட்சிகள் வேண்டும். முக்கியமாக, வாசகத்தைச் சொல்ல வேண்டியவன் யார்? கடன் கொடுத்தவன் அல்ல, கடன் வாங்கியவன்! பலவீனமானவன் வாயிலிருந்து வாசகம் வர வேண்டும் என்பது அந்த ஏற்பாடு. இங்கேயோ எழுதுபவனும் அவன், சொல்பவனும் அவன், சாட்சியும் அவன். அதற்கு இரண்டு வசனத்துக்கு முன்னால், சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அவகாசம் தெரியாது. 2020-இல் கொரோனா ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்தவனும், வேண்டுமென்றே பணத்தைப் பதுக்கியவனும் தவணை தவறிய கட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்பார்கள். (ரிசர்வ் வங்கி ஆறு மாதத் தவணை ஒத்திவைப்புக் கொடுத்தது உண்மை. அதற்கும் வட்டி ஏறியதும் உண்மை.)

"மிஷினுக்கு மதம் தெரியாதே!"

நியாயமான ஒரு கேள்வியைச் சிலர் கேட்கிறார்கள். முன்பெல்லாம் மேனேஜர் முகத்தைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார், தெருப் பெயரைக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார். இப்போது கம்ப்யூட்டர் எண்ணைத்தானே பார்க்கிறது? அதில் மதம் என்ற கட்டமே இல்லையே? நமக்கு அது நல்லதுதானே?

உண்மையை மறைக்கக் கூடாது. அறிக்கையில் மதம் என்ற கட்டம் இல்லைதான். நல்ல ஸ்கோர் உள்ள நம் பையனை மேனேஜர் சும்மா திருப்பி அனுப்புவது முன்னைவிடக் கஷ்டம். அந்த அளவுக்கு இது ஒரு பிடிமானம்தான். அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் எண் எங்கிருந்து பிறக்கிறது? வங்கி கொடுத்த கடனிலிருந்து. வங்கியே எட்டிப் பார்க்காத தெருவில் எண் எப்படிப் பிறக்கும்? 2006-இல் வந்த நீதிபதி சச்சார் குழு அறிக்கை என்ன சொன்னது? சில வங்கிகள் சில பகுதிகளை "நெகட்டிவ்" பகுதி என்று குறித்து வைத்து, அங்கே கடனும் மற்ற வசதிகளும் எளிதில் கிடைக்காதபடி செய்கின்றன என்று பதிவு செய்தது. நம் மக்கள் அடர்ந்து வாழும் இடங்களுக்கு வங்கி வசதி குறைவு என்பதையும் அது எடுத்துக் காட்டியது. நேற்றுக் கதவைச் சாத்தினார்கள். இன்று "நீ உள்ளே வந்ததற்கு ரிக்கார்டு இல்லையே" என்கிறார்கள்.

அமெரிக்காவில் இதே கதை நடந்தது. 1930-களில் அரசு நிறுவனமே நகர வரைபடத்தில் கறுப்பர்கள் வாழும் பகுதிகளைச் சிவப்பு மையால் குறித்தது. அங்கே வீட்டுக்கடன் எட்டாக்கனியானது. 1968-இல் வீட்டு வசதிப் பாகுபாட்டைத் தடுக்கச் சட்டம் வந்தது. கடன் கொடுப்பதில் இனம், மதம் பார்க்கக் கூடாது என்று 1976-இல் சட்டம் திருத்தப்பட்டது. சிவப்பு மை அழிந்தது. ஆனால் வாப்பாவுக்கு வீடு கிடைக்காததால் மகனுக்குச் சொத்து இல்லை. சொத்து இல்லாததால் அவசரத்துக்கு அதிக வட்டிக் கடன். அதனால் தவணை தவறுகிறது. அதனால் மார்க் குறைவு. மிஷின் நிறத்தைப் பார்க்கவில்லை. நிறம் பார்த்தவர்கள் விட்டுச் சென்ற பள்ளத்தை மட்டும் அளந்து சொல்கிறது.

பள்ளத்தில் நிற்பவனுக்கே வட்டியும் கூட. இப்போது பல வங்கிகள் ஸ்கோரைப் பார்த்துத்தான் வட்டி வீதம் வைக்கின்றன. 20 லட்சம் வீட்டுக்கடன், 20 வருடம் என்று வைத்துக் கொள்வோம். ஒருவருக்கு 8.5 சதவீதம், ஸ்கோர் குறைந்தவருக்கு 9.5 சதவீதம் என்றால், மாதம் சுமார் 1,290 ரூபாய் வித்தியாசம். முடியும்போது 3 லட்சத்துக்கு மேல் கூடுதல். கஷ்டப்படுபவன் கட்ட முடியாமல் போய்விடுவானோ என்ற பயத்தில், இன்னும் கட்ட முடியாத அளவுக்குச் சுமையை ஏற்றுகிறார்கள்! இதற்குப் பெயர் ரிஸ்க் கணக்காம்.

பெயர் ஒன்று, ஆள் இரண்டு

நம் ஊர்களில் எத்தனை முஹம்மது இஸ்மாயீல்கள்! பிறப்புச் சான்றிதழில் முகமது, பள்ளியில் மொஹமத், பாஸ்போர்ட்டில் முஹம்மத், வங்கியில் வெறும் எம். இஸ்மாயீல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, வாப்பாவின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும். படிவம் போடுபவனோ கடைசிப் பெயர் கட்டாயம் என்று சொல்லி, வாப்பா பெயரையே நம் பெயராக்கி விடுகிறான். பெயர், பிறந்த தேதி, பான், முகவரி, கைபேசி எண் ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் இந்தக் கம்பெனிகள் ஏட்டைச் சேர்க்கின்றன. ஒருவர் கடன் இன்னொருவர் தலையில் விழுவதற்கும், ஒரே ஆளின் ஏடு இரண்டாகக் கிழிவதற்கும் இது போதாதா?

தவறே நடக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 100-க்கு 5 பேரின் அறிக்கையில் இருந்த பிழை அவர்களைக் கூடுதல் வட்டி கட்ட வைக்கும் அளவுக்குப் பெரியது என்று தெரிய வந்தது. 2022-இல் ஈக்விஃபாக்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் கோளாறால் மூன்று வாரத்துக்குத் தவறான மார்க் வங்கிகளுக்குப் போனது. ஏறக்குறைய மூன்று லட்சம் பேருக்கு 25 புள்ளிக்கு மேல் மாறிவிட்டது. பழுத்த அனுபவம் உள்ள கம்பெனிக்கே இந்த லட்சணம்!

ஜாமீன் கையெழுத்தும் இதில் சேர்ந்ததுதான். மச்சான் கேட்டார், மாமா கேட்டார் என்று மறுக்க முடியாமல் கையெழுத்துப் போடுகிறோமே, அந்தக் கடன் நம் அறிக்கையிலும் ஏறுகிறது. அவர் தவணை தவறினால் நம் மார்க் விழும். நமக்குத் தகவல்கூட வராமல் இருக்கலாம்.

சரி, பெரிய மனிதர்கள் கதை என்ன? 2014-15 முதல் 2023-24 வரை பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கிலிருந்து எழுதித் தள்ளியதாக நிதியமைச்சரே 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் சொன்னார். "இது தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும்" என்கிறது அரசு. அப்படியே வைத்துக் கொள்வோம். 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி, வேண்டுமென்றே கட்டாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களோடும் வங்கிகள் பேசித் தீர்த்துக் கொள்ளலாம் என்று விதி வகுத்தது. குற்ற வழக்கு நடக்கட்டும் என்றும் சொன்னது. வங்கி ஊழியர் சங்கங்களே அதை எதிர்த்தன. பெரியவன் பேசித் தீர்த்தால் அதற்குப் பெயர் சமரசம். பாத்திரக்கடைக்காரன் 30 ஆயிரம் பாக்கியில் 12 ஆயிரம் கட்டிப் பேசித் தீர்த்தால் "செட்டில்டு" என்று ஒரு கறை. குறைந்தது ஏழு வருடம் தகவலை வைத்திருக்க வேண்டும் என்பது விதி!

வேலைக்கும் இதே தராசா?

இளைஞர்களே, இது உங்களுக்கு.

கடன் கேட்டவனுக்குத்தான் இந்த எண் என்று நினைத்து விடாதீர்கள். வேலை கேட்பவனுக்கும் வந்துவிட்டது. ஸ்டேட் வங்கியில் வேலைக்குத் தேர்வான ஓர் இளைஞரின் நியமனம், சிபில் அறிக்கையில் இருந்த பழைய தவணைத் தவறுகளால் ரத்தானது. கடன்களை அடைத்துவிட்டேன் என்று அவர் வாதாடினார். மக்கள் பணத்தைக் கையாளும் வேலைக்குப் பண ஒழுக்கம் முக்கியம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் வங்கியின் முடிவை ஏற்றுக் கொண்டது. நீதிமன்றத் தீர்ப்பை நாம் மதிக்கிறோம். கேள்வி அந்த விதியை வகுத்தவர்களிடம். வேலை இல்லாதவன்தான் தவணை தவறுகிறான். தவணை தவறியவனுக்கு வேலை இல்லை என்றால் அவன் எப்போது கரையேறுவது? கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் வேறொரு வழக்கில், ஸ்கோர் குறைவு என்பதற்காக மாணவனுக்குக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று மனிதாபிமானத்தோடு சொன்னதே, அந்தப் பார்வையை ஏன் விதியாக்கக் கூடாது?

நீங்களும் யோசியுங்கள். கையில் இருக்கும் 30 ஆயிரம் ரூபாய் போனை "வட்டியில்லாத் தவணை" என்று வாங்கினீர்களே, அது கடைக்காரர் கொடுத்த அவகாசம் அல்ல. பின்னால் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் போட்டிருக்கிறது. வேலை மாறும் மாதத்தில் ஒரு தவணை தட்டினால், 2,500 ரூபாய் உங்களை மூன்று வருடம் துரத்தும். போனில் வரும் உடனடிக் கடன் ஆப்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அரசிடம் நாம் கேட்பது சலுகை அல்ல. மார்க் குறைத்தால் எந்தக் காரணத்துக்கு எவ்வளவு குறைத்தாய் என்று தமிழில் எழுதிக் கொடு. தவறான தகவல் கொடுத்த வங்கிதான் நிரூபிக்க வேண்டும், நாங்கள் அல்ல. வாடகையும் கரண்ட் பில்லும், அவரவர் சம்மதித்தால், நல்ல கணக்காகச் சேரட்டும். (எல்லாவற்றையும் சேர்க்கிறேன் என்று போனுக்குள் புகுந்து மோப்பம் பிடிக்கும் வேலை வேண்டாம், அது இதைவிட ஆபத்து.) வங்கி வேலைக்கு இந்த அறிக்கையைத் தடையாக வைப்பதை எடு. முதன்முறை கடன் கேட்பவருக்கு வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் மத்திய இணையமைச்சர் மக்களவையில் பதில் சொல்லியிருக்கிறார். அந்தப் பதிலை ஒவ்வொரு கிளை மேனேஜரின் மேசையிலும் ஒட்டி வை!

வியாபாரிகளே, அதுவரை கையைக் கட்டிக் கொண்டு இருக்க வேண்டியதில்லை. கடன் வாங்காதவரும் தன் ஏட்டைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் பான் எண்ணில் வேறு யாராவது வாங்கியிருக்கலாம். நான்கு கம்பெனிகளும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017 முதல் இது கட்டாயம். பணம் கட்டச் சொல்லும் பக்கத்தில் மாட்டிக் கொள்ளாதீர்கள். பிழை இருந்தால் கம்பெனிக்கும் வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள், புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும். 2024 ஏப்ரலில் இருந்து அமலில் உள்ள விதி இது. அப்போதும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள், 2022 செப்டம்பரில் இருந்து இந்தக் கம்பெனிகளும் அவருக்குக் கட்டுப்பட்டவை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். பழைய பாக்கியைப் பேசி முடிக்க ஏஜெண்ட் போன் செய்தால், "முழுவதும் அடைத்து முடிந்த கணக்கு" என்று எழுதித் தருவதாக இருந்தால் மட்டும் பேசுங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் மார்க்கைப் பார்க்காதீர்கள். உங்கள் பெயரும் பிறந்த தேதியும் பான் எண்ணும் சரியா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு கணக்கிலும் நீங்கள் கடனாளியா, ஜாமீன்தாரரா என்று பாருங்கள். கடைசியில் "என்கொயரி" என்ற பகுதி இருக்கும். உங்கள் ஏட்டைத் திறந்து பார்த்தவர்களின் பெயரும் தேதியும் அங்கே வரிசையாக இருக்கும். நீங்கள் வாசலே மிதிக்காத ஒரு நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தால், மறுநாள் வரை வைத்திருக்காமல் அன்றைக்கே புகார் எழுதுங்கள்.